விஸ்கி, நாடாளுமன்றம், நீதிமன்றம்... நடுவுல எங்க திண்டிவனம் ரோடு!

ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஜான் அலெக்சாண்டர் டூவர். விஸ்கி கம்பெனி முதலாளி, கூடவே எம்.பி. நடுவிலவர் ஆர்தர் டூவர். வக்கீல், அவரும் எம்.பி., கடைசியில் நீதிபதி. இளையவர் தாமஸ் டூவர். அந்த விஸ்கியை உலகம் சுற்றி விற்றவர். அவரும் எம்.பி.

ஸ்காட்லாந்தில் பெர்த் என்று ஓர் ஊர். அங்கே 1846-ல் இவர்களின் அப்பா ஜான் டூவர் ஒரு மதுக்கடை வைத்தார். அதை மகன்கள் உலகம் அறிந்த கம்பெனியாக வளர்த்தார்கள். தாமஸ் 1892-ல் கிளம்பி இரண்டு வருடத்தில் 26 நாடுகளைச் சுற்றி, 32 ஏஜென்டுகளை நியமித்துவிட்டு ஊர் திரும்பினார். 1900 தேர்தலில் பெரியவரும் சின்னவரும் ஒன்றாக ஜெயித்தார்கள். பெரியவர் லிபரல் கட்சி, சின்னவர் கன்சர்வேட்டிவ் கட்சி. கட்சி வேறு, கடை ஒன்று! நடுவிலவர் ஆர்தர் 1909-ல் ஸ்காட்லாந்தின் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார், 1910-ல் நீதிபதி. பெரியவருக்கு 1917-ல் பிரபு பட்டம், சின்னவருக்கு 1919-ல்.

விற்பவர், சட்டம் போடுபவர், தீர்ப்புச் சொல்பவர். மூன்று நாற்காலியும் ஒரே குடும்பத்தில்.

இந்தக் குடும்பத்தைத் தேடி நான் போகவில்லை. 2025 ஜூலை 24-ம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கிக்கான இறக்குமதி வரி 150 சதவிகிதத்திலிருந்து 75 ஆகும், பத்து வருடத்தில் படிப்படியாக 40-க்கு வரும் என்பது அதில் ஒரு அம்சம். 'ஸ்காட்ச் விலை குறையுமா?' என்று ஒரு விளக்கக் கட்டுரை வேண்டும் என்றார்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கும் நான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா போனில் கேட்டார். "ஏண்டி, உனக்கு வேற வேலையே குடுக்க மாட்டாங்களா?"

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டிலில் இருக்கும் ஸ்காட்லாந்து

ஸ்காட்ச் என்ற பெயரைச் சும்மா ஒட்டிவிட முடியாது. தானியத்தில் காய்ச்ச வேண்டும். ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது 3 வருடம் ஊற வேண்டும். கட்டாயம் ஊறப்போட வேண்டும் என்ற விதி முதல் உலகப் போர் நடந்த 1915-ல் வந்தது. முதலில் 2 வருடம், பிறகு 3 ஆனது. குடிக்கிறவர் கையில் என்ன போகிறது என்பதில் சட்டம் அவ்வளவு கறாராக இருந்திருக்கிறது.

நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பாலானவை வேறு வகை. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு இருக்கிறதே, மொலாசஸ், அதிலிருந்து எடுக்கும் ஸ்பிரிட்தான் அவற்றுக்கு அடிப்படை. கரும்பு எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. சீசனில் விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் போனால் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் நிச்சயம் ஊர்ந்துகொண்டிருக்கும்.

லேபிளில் மட்டும் ஸ்காட்லாந்து அப்படியே இருக்கிறது. இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த மெக்டவல் என்ற பெயர், 1826-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. அவர் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் நம் ஊர்க் குப்பைமேட்டில் காலி பாட்டிலாகக் கிடக்கிறது.

ஓமந்தூரார் ஊர்க்காரர்கள் நாங்கள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊர் எங்களுடையது. டூவர் குடும்பத்தைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில், விவசாயக் குடும்பத்தில் 1895-ல் பிறந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். சென்னையில் இன்று அரசு பன்னோக்கு மருத்துவமனை இருக்கும் ஓமந்தூரார் வளாகம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1947 மார்ச்சில் அவர் சென்னை மாகாணத்தின் பிரீமியர் ஆனார். இன்றைய கணக்கில் முதலமைச்சர். கோயில் நுழைவு உரிமைச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் எல்லாம் அவர் ஆட்சிக் காலத்தில் வந்தவை. மதுவிலக்கு மாகாணம் முழுக்க விரிந்ததும் அவர் காலத்தில்தான், 1948-ல். 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். பிறகு வள்ளலார் வழியைப் பின்பற்றி வடலூர் போய்விட்டார்.

மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தவர் ராஜாஜி. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். வருமானம் போகுமே, என்ன செய்வது? 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. கடையில் பில் போடும்போது நாம் கட்டுகிற வரியின் பாட்டன் அது. குடியிலிருந்து வரும் காசு வேண்டாம் என்று முடிவு செய்த அரசு, அந்தக் காசுக்கு வேறு வழி தேடியிருக்கிறது என்பதை அதைப் படித்தபோதுதான் நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். 1971-ல் மதுவிலக்கு விலக்கப்பட்டது. இடையில் மூடுவதும் திறப்பதுமாக ஓடியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. விற்பவர், சட்டம் போடுபவர் என்ற இரண்டு நாற்காலிகள் ஒன்றாகிவிட்டன. துறையின் பெயரைப் பாருங்கள், 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை'. விலக்குவதும் வரி வாங்குவதும் ஒரே போர்டில்!

மாமா

என் தாய்மாமாவுக்கு சென்ட்ரிங் வேலை. திண்டிவனத்தில் எழும்பிய பாதிக் கட்டடத்துக்கு அவர் கம்பி கட்டியிருப்பார் என்று ஆயா பெருமை பேசும். சனிக்கிழமை கூலி வாங்கினால் எங்களுக்குப் பொட்டலத்தில் மிக்சர் வரும். அத்தைக்குக் கையில் மிஞ்சியது வரும்.

மாமா சண்டைக்காரர் இல்லை. குடித்தால் பாட்டுப் பாடுவார். அப்புறம் தூங்கிவிடுவார். எப்போதாவது 'பாண்டி சரக்கு' கிடைத்த நாளில் பாட்டு இரண்டு மடங்கு. எங்கள் மாவட்டத்தில் புதுச்சேரி எல்லை பக்கத்து வீட்டுக் கொல்லை மாதிரி. அங்கே விலை குறைவு. நடுவில் சோதனைச்சாவடி இருக்கும். ஆனால், சரக்குக்கு வழி தெரியும்.

2015 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. ரோட்டோரம் இருந்த கடையிலிருந்து வெளியே வந்து, எதிர்ப்பக்கம் ஊருக்குத் திரும்ப நாலுவழிச் சாலையைக் கடந்திருக்கிறார். மோதிய வண்டி நிற்கவில்லை. எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. மாமா பொண்ணுக்கு ஒன்பது.

மோதிவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு அப்போது மத்திய அரசுத் திட்டத்தில் இருந்த தொகை 25,000 ரூபாய். 2022-லிருந்து அது 2 லட்சம். அப்படி ஒரு மனு கொடுக்கலாம் என்பதே அத்தைக்கு அன்று தெரியாது. சொல்வதற்கும் ஆள் இல்லை.

தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு

அடுத்த வருடமே டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது. 2016 டிசம்பர் 15. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சாலையிலிருந்து பார்த்தால் கடை கண்ணில் படவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது.

அந்த வழக்கின் பெயர்தான் மேலே இருப்பது. பாலு, வழக்கறிஞர். பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்தவர். அந்தக் கட்சியின் நிறுவனர் டாக்டர் ராமதாஸ் எங்கள் திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி நடத்தியவர் என்பது ஊருக்கே தெரியும். கட்சி அரசியல் பற்றி அவரவருக்கு அவரவர் கருத்து இருக்கும். நான் பார்த்தது வழக்கின் பெயரை மட்டும்தான். நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது அரசு. விற்கிறவரும் சட்டம் போடுகிறவரும் ஒரே ஆளாக நிற்க, மூன்றாவது நாற்காலியான நீதிமன்றம் மட்டும் தனியாக இருந்திருக்கிறது. டூவர் வீட்டில் அந்த மூன்றாவது நாற்காலியும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

2017 மார்ச் 31-ம் தேதி, 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 500 மீட்டர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மறுநாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. எங்கள் ரோட்டுக் கடையும் மூடியது. ஆயா அன்று கற்பூரம் ஏற்றினார்.

பத்தே நாள். கடைக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ஊருக்குள்ளே, ஏரிக்கரைப் பக்கம். நூறு நாள் வேலைக்குப் பெண்கள் போகிற வழி அது. அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் இப்படி வந்த கடைகளின் முன்னால் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊரிலும் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் அத்தை. தண்ணீர்ப் பாட்டில், புளிச்சோறு, மடியில் மாமா பொண்ணு. ஒரு வாரத்தில் கடை அங்கிருந்து போனது.

அந்த ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. இன்று எங்கள் ஊரிலிருந்து கடைக்குப் போக ஷேர் ஆட்டோ ஏறினால் போதும்.

பத்து லட்சம்

2023 மே 13. மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம், மீனவ கிராமம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கள்ளச்சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரிக்கும் கொண்டு ஓடினார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கதை. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். சட்டமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது.

இரண்டு இடத்திலும் எமன் மெத்தனால். சாதாரண மதுவில் இருப்பது எத்தனால். மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். நிறத்தில் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். அது பார்வை நரம்பைத் தாக்கும், ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். பத்து மில்லிகூட ஒருவர் கண்ணைப் பறிக்கக்கூடும். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் தூங்கினால் சரியாகும் என்று விடக்கூடாது. நேரத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று சமூக வலைதளங்களில் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. பணம் போனது குடித்தவருக்கு இல்லையே, அவர் விட்டுப்போன வீட்டுக்குத்தானே?

ஆனால் டி.வி-யில் அந்தச் செய்தி ஓடியபோது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "உங்க மாமா கள்ளச்சாராயம் குடிச்சிருக்கலாம்."

யாரும் பேசவில்லை. அத்தைக்கு யார் மேலும் பொறாமை இல்லை. பில் போட்டு, சீல் வைத்து, வரி கட்டி வாங்கிய பாட்டில் ஒரு வீட்டைக் காலி செய்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார். பத்து வருடமாக நானும் அதற்குப் பதில் தேடுகிறேன்.

யார் கணக்கில் யார்?

வருடா வருடம் தீபாவளிக்கு மறுநாள் 'டாஸ்மாக் வசூல் இத்தனை கோடி' என்று செய்தி வரும். எல்லாத் தளங்களிலும் நன்றாக ஓடும். வருடக் கணக்கும் கிடைக்கும். 2023-24-ல் மது விற்பனையிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய் என்பது சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு.

வரவு ரூபாய் வரைக்கும் தெரிகிறது. செலவுப் பக்கம்? கல்லீரல் கெட்டு வார்டில் கிடப்பவர்கள், ஸ்கூல் ஃபீஸ் கட்டாமல் நின்ற பிள்ளைகள், ரோட்டைக் கடக்கும்போது போனவர்கள். இதையெல்லாம் ஒரே தாளில், வரவுக்குப் பக்கத்திலேயே எழுதினால் அந்த 45,855 கோடி எப்படித் தெரியும்?

மதுவிலக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லையில் புதுச்சேரி இருக்கிறது. காட்டில் கள்ளச்சாராயம் இருக்கிறது. கடை திறந்திருந்த காலத்தில்தான் எக்கியார்குப்பமும் கருணாபுரமும் நடந்தன. மூடினாலும் ஆபத்து, திறந்தாலும் ஆபத்து என்றால், நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தாலுகா மருத்துவமனையிலேயே குடிநோய்க்கு வைத்தியம், வீட்டாருக்கு ஆலோசனை, குடும்பத் தலைவர் போய்விட்டால் என்ன மனு, எங்கே கொடுக்கலாம் என்று சொல்ல ஓர் ஆள். வரவில் ஒரு பங்கை இதற்கென்றே எடுத்து வைத்து, எவ்வளவு செலவானது என்று அதே சட்டமன்றத்தில் சொன்னால் போதும். அத்தை அதைத்தான் கேட்பார்.

டூவர் குடும்பத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பிரபு பட்டம் இல்லை. 1912-ல் நடந்த ஒரு விஷயம். ஸ்காட்லாந்தின் வடக்கே மலையிலும் தீவிலும் வாழ்ந்த ஏழைச் சனங்களுக்கு மருத்துவ வசதி எப்படி இருக்கிறது என்று பார்க்க அரசு ஒரு குழு போட்டது. அதன் தலைவர் மூத்தவர், விஸ்கி முதலாளி ஜான் டூவர். குழு ஊர் ஊராகப் போய், டாக்டருக்காகக் காத்திருந்து பார்த்தவர்களிடமே சாட்சியம் வாங்கியது. அடுத்த வருடமே சட்டம் வந்தது. வருடத்துக்கு 42,000 பவுண்ட் ஒதுக்கி, மலைக்கும் தீவுக்கும் டாக்டரும் நர்ஸும் போகும்படி அரசு மருத்துவச் சேவை தொடங்கியது. 1948-ல் பிரிட்டன் முழுக்க வந்த இலவச மருத்துவத் திட்டத்துக்கு அதுதான் முன்னோடி என்கிறார்கள். அதே 1948-ல்தான் இங்கே ஓமந்தூரார் ஆட்சியில் மதுக்கடைகள் மூடின.

விஸ்கி முதலாளி புண்ணியவான் ஆகிவிட்டார் என்று சொல்ல இதை எழுதவில்லை. நாற்காலியில் இருக்கிறவர் இறங்கி, பாதிக்கப்பட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் ஒரு வருடத்தில்கூட வேலை நடக்கும் என்பதற்காக எழுதுகிறேன். அத்தை வீட்டுத் திண்ணைக்கு இதுவரை யாரும் வரவில்லை.

மாமா பொண்ணு இப்போது விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, பாலு வழக்கின் தீர்ப்பை பிரின்ட் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைக் காட்டினாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நடக்கும் விபத்துகள் பற்றிய கணக்கு இருந்த பக்கம்.

"அக்கா, இதுல அப்பா வர மாட்டாருல்ல? அவரு வண்டி ஓட்டலையே. நடந்துதான வந்தாரு."

வர மாட்டார். மோதிய வண்டிக்கு அடையாளம் இல்லை. குடித்திருந்தவர் ஓட்டுநர் இல்லை. பாட்டில் கள்ளச்சாராயம் இல்லை. மாமா எந்தப் பட்டியலிலும் வர மாட்டார். "நான் வக்கீல் ஆனா முதல்ல இந்தக் கணக்கத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

அத்தையிடம், "மாமாவைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எழுது பாப்பா. பேரு வேணாம். குடிச்சிட்டுத் தள்ளாடிக்கிட்டுப் போனாருன்னு மட்டும் எழுதாத. வூட்டுக்கு வந்துனு இருந்தாருன்னு எழுது."